தேசிய ஜெர்சி போடப்போகும் தம்பிகளுக்கு

தம்பி, நாட்டின் பெயர் எழுதிய ஜெர்சி உன் கைக்கு வரும்போது உனக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நீ ஆடப்போவது ஏழெட்டு ஆட்டம். அதற்கு முன்னால் கிடைக்கும் பயிற்சி முகாம் சில வாரம்தான். நான் கீழே சொல்வதெல்லாம் அந்தச் சில வாரத்தை வீணாக்காமல் இருப்பது பற்றியது.

உதாரணங்களை அமெரிக்காவிலிருந்து எடுக்கிறேன். உலகின் மூத்த கூடைப்பந்து அணிகளுக்கு எதிரே கல்லூரி மாணவர்களைக் கொண்டுபோய் நிறுத்துவதை அவர்கள் அளவுக்கு நீண்ட காலம் செய்து பார்த்தவர்கள் யாருமில்லை. 1992இல் மேஜிக் ஜான்சனும் மைக்கேல் ஜோர்டானும் பார்சிலோனாவுக்குப் போகும் வரை, ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்காக ஆடியவர்களில் பெரும்பாலோர் மாணவர்களே. பல்கலைக்கழகங்களின் உலகப் போட்டிக்கு இன்றும் மாணவர்கள்தான் போகிறார்கள். அவர்கள் ஜெயித்த ஆட்டங்களிலும் தோற்ற ஆட்டங்களிலும் உனக்கு வேண்டியது நிறைய இருக்கிறது.

1. முகாமுக்குப் போன முதல் நாளே மற்ற பதினொரு பேரின் ஆட்டத்தையும் படிக்கத் தொடங்கு. பந்தை யார் இடது பக்கம் கேட்பான், யாருக்கு மார்புக்கு நேரே பாஸ் வேண்டும், யார் தரையில் தட்டிக் கொடுத்தால் திணறுவான் என்பதெல்லாம் உன் கல்லூரி அணியில் மூன்று வருஷத்தில் தானாகத் தெரிந்தவை. இங்கே அதை மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டாக வேண்டும். 2013இல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியைப் பார். பல கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுத்த அமெரிக்க அணி அது. டக் மெக்டர்மாட், ஸ்பென்சர் டின்விடி என்று பின்னாளில் என்.பி.ஏ.வில் ஆடியவர்கள் அதில் இருந்தார்கள். ஒன்பதாவது இடம்தான் கிடைத்தது. அடுத்த முறை, 2015இல் தென் கொரியாவின் குவாங்ஜுவுக்கு, கான்சாஸ் பல்கலைக்கழக அணியையே ஏறக்குறைய அப்படியே தூக்கி அனுப்பினார்கள். அந்த அணியும் முழுதாகப் போகவில்லை. காயத்தால் சிலர் நின்றுவிட்டார்கள், உக்ரைன் நாட்டுப் பையன் ஒருவன் அமெரிக்காவுக்காக ஆட முடியாது. அந்த ஓட்டையை அடைக்க வேறு கல்லூரிகளிலிருந்து ஓரிருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் முதுகெலும்பு ஒரே கல்லூரி, ஒரே கோச் பில் செல்ஃப். இறுதியாட்டத்தில் ஜெர்மனியுடன் இரண்டு முறை கூடுதல் நேரம் போய் 84-77 என்று தங்கம் வாங்கினார்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும்போது, கால் கடுக்கும் வேளையில், பக்கத்தில் நிற்பவன் அடுத்து எங்கே ஓடுவான் என்பது யோசிக்காமலே தெரிய வேண்டும். அந்தப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒரே கல்லூரி என்பதே மந்திரம் என்று எடுத்துக்கொள்ளாதே. 2017இல் தைபேயில் பர்டியூ பல்கலைக்கழகம் அதே முறையில் போய் இறுதியாட்டத்தில் லிதுவேனியாவிடம் தோற்றது. உன் அணி எப்படியும் பல ஊர்ப் பையன்களின் கலவையாகத்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்: சாப்பாட்டு மேசையில் உன் மாநிலத்துக்காரனுடனேயே உட்காராதே. அறையை வேறு மொழி பேசுகிறவனுடன் பகிர்ந்துகொள். தடுப்பாட்டத்தில் கத்திச் சொல்ல வேண்டிய சொற்களை, அது இந்தியோ ஆங்கிலமோ, முதல் இரண்டு நாளுக்குள் அணி முழுவதும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்கிரீன் வருது’ என்று நீ தமிழில் கத்தி, பஞ்சாப் பையன் திரும்பிப் பார்ப்பதற்குள் எதிராளி வளையத்துக்கு அடியில் நிற்பான்.

2. விதிப் புத்தகத்தை நீயே படி. கோச்சுக்குத் தெரியும் என்று விட்டுவிடாதே. அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் வெளிநாட்டில் திணறியதற்குப் பாதிக் காரணம் இதுதான். அவர்கள் ஊரில் வளையத்துக்கு மேலே இருக்கும் பந்தைத் தொட்டால் குற்றம். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதியில், எறிந்த பந்து வளையத்தில் பட்டுவிட்டால் போதும், அது மேலே உருண்டுகொண்டிருந்தாலும் யாரும் தட்டிவிடலாம். ஐரோப்பியப் பையன் பழக்கத்தில் எம்பித் தட்டிவிடுவான், அமெரிக்கப் பையன் பழக்கத்தில் கையை இழுத்துக்கொள்வான். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று கூடைகள் இதிலேயே போகும். அவர்கள் கல்லூரி ஆட்டத்தில் வீரனே டைம் அவுட் கேட்கலாம். ஃபீபா ஆட்டத்தில் கோச்சோ துணைக் கோச்சோ ஸ்கோர் டேபிளில் போய்க் கேட்டால்தான் உண்டு.

நாம் சின்ன வயதிலிருந்தே ஃபீபா விதியில் ஆடுகிறோம். அது நமக்குச் சாதகம். ஆனால் ஊர்ப் போட்டிகள் பலவற்றில் 24 வினாடிக் கடிகாரமே இருக்காது. எதிரணியின் வளையத்தடியில் நீ ரீபவுண்டு பிடித்தால் உனக்குப் புதிதாக 24 வினாடி கிடைக்காது, 14தான். இது படித்துத் தெரிந்தால் மட்டும் போதாது, உடம்புக்குத் தெரிய வேண்டும். முகாமில் ஒவ்வொரு நாளும் கடிகாரத்தை ஓடவிட்டு ஆடு.

3. ஃப்ரீ த்ரோ. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது.

1972, மியூனிக், ஒலிம்பிக் இறுதியாட்டம். சோவியத் யூனியன் 49, அமெரிக்கா 48. சில வினாடிகளே பாக்கி. டக் காலின்ஸ் என்ற கல்லூரிப் பையன் சோவியத் பாஸைக் குறுக்கே பாய்ந்து பறித்துக்கொண்டு வளையத்துக்கு ஓடுகிறான். எம்பும்போது எதிராளி ஒருவர் அடியில் வந்து மோத, பையன் போர்டு தாங்கும் கம்பத்தடியில் போய் விழுகிறான். கண் இருட்டுகிறது. பையன் எழுந்து நடக்க முடிந்தால் அவனே எறியட்டும் என்கிறார் கோச் ஹென்றி ஐபா. மூன்று வினாடி இருக்கிறது, இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்து சமம் ஆயிற்று. இரண்டாவதை எறியப் போகும் நேரத்தில் ஸ்கோர் டேபிளிலிருந்து ஹாரன் அலறியது. அவன் கை நிற்கவில்லை. அதுவும் விழுந்தது. 50-49.

அதற்குப் பிறகு நடந்தவை உலகம் அறிந்த சர்ச்சை, பின்னால் வருகிறேன். இப்போது அந்த இரண்டாவது எறிதலை மட்டும் பார். அடிபட்ட தலை, அலறும் ஹாரன், தலைமுறைக் கணக்கில் தோற்காத ஒரு நாட்டின் மானம். இத்தனைக்கும் நடுவில் கை தன் வேலையைச் செய்தது என்றால், யாரும் பார்க்காத வெறும் மைதானத்தில் அந்தக் கை அதே வேலையை எத்தனை ஆயிரம் தடவை செய்திருக்கும்! பயிற்சி முடிந்து மூச்சு வாங்கும்போது ஃப்ரீ த்ரோ எறிந்து பழகு. புத்துணர்ச்சியோடு எறிவது ஆட்டத்தில் உதவாது. நண்பனை வளையத்துக்குப் பின்னால் நிறுத்திக் கூச்சல் போடச் சொல்.

4. முன்னிலை கிடைத்தால் உன் ஆட்டத்தின் வேகத்தை மாற்றாதே. 1987 ஆகஸ்டு 23, இண்டியானாபோலிஸ், பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டம். சொந்த நாடு, நிரம்பிய அரங்கு. டேவிட் ராபின்சன், டேனி மேனிங் போன்ற கல்லூரி நட்சத்திரங்கள், கோச் டென்னி கிரம். இடைவேளையில் அமெரிக்கா 68, பிரேசில் 54. அந்த அளவுக்குப் பின்தங்கிய எந்த அணியும் உள்ளே புகுந்து இரண்டு இரண்டாகச் சேர்க்கத்தான் பார்க்கும். பிரேசிலின் ஆஸ்கார் ஷ்மிட்டும் மார்செல் டி சோசாவும் கோட்டுக்கு வெளியே நின்று எறிய ஆரம்பித்தார்கள். மூன்று புள்ளிக் கோடு அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் முழுவதற்கும் வந்து அப்போது ஒரே ஒரு பருவம்தான் ஆகியிருந்தது. அதை இப்படி ஓர் ஆயுதமாகப் பிடிக்கலாம் என்பது அந்தப் பையன்களுக்குப் பழக்கமில்லை. யாராவது எட்டிப் போய் மறிப்பார்கள் என்று ஒவ்வொருவனும் இருந்தான். இரண்டாம் பாதியில் மட்டும் பிரேசில் 66 புள்ளி. ஆஸ்கார் 46, மார்செல் 31, இறுதியில் 120-115. ஆட்டம் முடிந்ததும் ஆஸ்கார் தரையில் விழுந்து தேம்பி அழுதார்.

அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1984இல் என்.பி.ஏ.வின் நியூ ஜெர்சி நெட்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கால விதிப்படி அங்கே போனால் நாட்டுக்காக ஆட முடியாது. அவர் போகவில்லை. ஐந்து ஒலிம்பிக்கில் பிரேசில் ஜெர்சியோடு 1,093 புள்ளி எடுத்தார். நாட்டுக்காக ஆடுவது என்றால் என்ன என்று எந்தப் பையன் என்னைக் கேட்டாலும் நான் சொல்லும் முதல் பெயர் அவருடையது.

5. எதிரே நிற்பவன் உன்னைவிட மூத்தவனாக இருப்பான். குவாங்ஜு போட்டிக்கு வயது வரம்பு 28. பத்தொன்பது வயதுப் பையனின் தோளும் இருபத்தேழு வயது ஆளின் தோளும் ஒன்றில்லை. இது நம் ஊரிலேயே உனக்குத் தெரிந்த விஷயம்தான். கோடையில் பெரியகுளம் அகில இந்தியப் போட்டியில் வங்கி அணிகளும் இராணுவ அணிகளும் ஆடுவதைப் பார்த்திருப்பாய். அவர்கள் அதிகம் குதிக்க மாட்டார்கள். ஆனால் நீ நிற்க நினைக்கும் இடத்தில் உனக்கு முன்பே நிற்பார்கள், இடுப்பால் ஒரு சின்னத் தள்ளு தள்ளுவார்கள், நடுவர் விசில் ஊதுகிற அளவுக்கு இருக்காது. அந்த ஆட்டங்களுக்குப் போனால் பந்தைப் பார்க்காதே. பந்து இல்லாத பக்கத்தில் மூத்த ஆட்டக்காரரின் காலை மட்டும் ஒரு கால்பகுதி முழுக்கப் பார்.

1988 சியோல் ஒலிம்பிக் அரையிறுதியில் ஜான் தாம்சனின் அமெரிக்கப் பையன்கள் மைதானம் முழுக்க விரட்டி நெருக்கினார்கள். அதுதான் அவர்கள் பலம். எதிரே சபோனிஸ், மார்ச்சுலியோனிஸ், குர்தினைதிஸ், கோமிச்யூஸ் என்று லிதுவேனியர்கள் நால்வர், சோவியத் ஜெர்சியில். குதிகால் தசைநார் அறுந்து நெடுநாள் ஆடாமலிருந்து வந்தவர் சபோனிஸ். ஓட்டம் குறைந்திருந்தது. ஆனால் நெருக்கடி வந்தால் பந்தை யாரிடம் தள்ள வேண்டும் என்று அந்த நால்வருக்கும் தெரியும். நெருக்க நெருக்க அவர்கள் அவசரப்படவே இல்லை. 82-76. நான்கு வருஷம் கழித்து அதே நால்வரும் சுதந்திர லிதுவேனியாவுக்காக ஆடி வெண்கலம் வாங்கினார்கள்.

6. உயரத்தை நினைத்துக் கலங்காதே. மக்ஸி போக்ஸ் 160 செ.மீ. 1986 ஸ்பெயின் உலகப் போட்டியில், லூட் ஓல்சனின் அமெரிக்கக் கல்லூரி அணியில், யூகோஸ்லாவியாவின் டிராஜன் பெட்ரோவிச்சையே பந்தை நிம்மதியாகத் தட்டவிடாமல் அலைக்கழித்தார். அந்த அணி இறுதியில் சோவியத்தை 87-85 என்று ஜெயித்துத் தங்கத்தோடு திரும்பியது.

7. பெஞ்சில் உட்காருவதும் வேலைதான், தேர்வாகாமல் போவதும் முடிவல்ல. 1984 ஒலிம்பிக்குக்கு அமெரிக்கக் கோச் பாப் நைட் எழுபதுக்கும் மேற்பட்ட பையன்களை வரவழைத்துப் பார்த்தார். திருப்பியனுப்பப்பட்டவர்களில் சார்லஸ் பார்க்லி, ஜான் ஸ்டாக்டன், கார்ல் மலோன் மூவரும் உண்டு. எட்டே வருஷத்தில் மூவரும் பார்சிலோனாவில் தங்கம் வாங்கினார்கள். நைட் தேர்ந்தெடுத்தது சிறந்த பன்னிரண்டு பேரை என்பதைவிட, தான் நினைத்த ஆட்டத்துக்குப் பொருந்திய பன்னிரண்டு பேரை. உன்னைவிடத் திறமை குறைந்தவன் என்று நீ நினைக்கிறவன் உள்ளே போகலாம், நீ வெளியே இருக்கலாம். கோச்சிடம் போய் ஒரே ஒரு முறை மரியாதையாகக் கேள்: சார், நான் எதில் தேற வேண்டும்? பதிலை எழுதி வைத்துக்கொள். வீட்டுக்குப் போய் யாரிடமும் புலம்பாதே.

உள்ளே இருந்து ஆட வாய்ப்பு வராதவனுக்கும் இதையே சொல்வேன். சியோலில் வெளியிலிருந்து நன்றாக எறியக்கூடிய ஹெர்சி ஹாக்கின்ஸ் முழங்கால் காயத்தால் அந்த அரையிறுதியில் ஆட முடியவில்லை. அன்று அவர் இல்லாத குறை பளிச்சென்று தெரிந்தது. உன் அணியில் அப்படி ஒருவன் விழுந்தால் எழுந்து போகப்போவது நீ. அவனுடைய வேலை என்னவென்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

8. எதிரணியில் உன்னை நன்றாக அறிந்தவன் இருக்கலாம். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் டீன் ஸ்மித்தின் அமெரிக்க அணியைப் போர்ட்டோ ரிக்கோ ஒரு புள்ளி வித்தியாசம் வரை கொண்டுவந்தது, 95-94. அதில் 35 புள்ளி எடுத்த புட்ச் லீ, மார்க்கெட் என்ற அமெரிக்கக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த பையன். 

9. பயிற்சி ஆட்டத்தில் பெரிய அணியை ஜெயித்தால் சந்தோஷப்படு, அன்றோடு விட்டுவிடு. 1992 ஜூனில் கலிபோர்னியாவின் லா ஹோயாவில், கிராண்ட் ஹில், கிரிஸ் வெபர், பாபி ஹர்லி முதலிய கல்லூரிப் பையன்கள், ஜோர்டான், மேஜிக், லாரி பேர்ட் எல்லாம் இருந்த பார்சிலோனா அணியையே ஒரு குட்டிப் பயிற்சி ஆட்டத்தில் தோற்கடித்தார்கள். மறுநாள் அதே மூத்தவர்கள் பையன்களைப் பந்தைத் தொடவிடவில்லை.

10. தூக்கம். 1972 இறுதியாட்டம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக மியூனிக்கில் நள்ளிரவை ஒட்டித் தொடங்கியது. உன் ஆட்டம் காலை ஒன்பதுக்கும் இருக்கலாம், இரவு பத்துக்கும் இருக்கலாம். அட்டவணை வந்த அன்றே தூக்கத்தை அதற்கேற்ப மாற்றத் தொடங்கு. புதுச் சாப்பாட்டை ஆட்டம் இல்லாத நாளில் ருசி பார். புது ஷூவை ஊரிலேயே பழக்கிக்கொண்டு போ.

11. அநியாயம் நடந்தால் என்ன செய்வது? மியூனிக்குக்குத் திரும்புகிறேன். காலின்ஸின் இரண்டு புள்ளிக்குப் பின் மூன்று வினாடி. சோவியத் பந்தை எடுத்தது. டைம் அவுட் கேட்டிருந்தோம் என்று அவர்கள் முறையிட ஆட்டம் நின்றது. மறுபடி ஆடினார்கள், கடிகாரத்தைச் சரியாகத் திருப்பி வைக்கவில்லை. ஹாரன் ஒலித்து அமெரிக்கர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அரங்கில் இருந்த ஃபீபா பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து மீண்டும் மூன்று வினாடி ஆட வைத்தார். மூன்றாம் தடவை இவான் எதேஷ்கோ மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எறிந்த பந்தை அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துப் போட்டார். 51-50. மேல்முறையீடு 3-2 என்று தள்ளுபடி. அமெரிக்கப் பையன்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவில்லை, இன்றுவரை வாங்கவில்லை. தன் மனைவி மக்களும் அதை வாங்கக் கூடாது என்று கேப்டன் கென்னி டேவிஸ் உயிலிலேயே எழுதி வைத்தார்.

அந்த மூன்றாம் தடவை ஆட விட்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பையன்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பயிற்சியாளனாக நான் இன்னொன்றையும் பார்க்கிறேன்: காலின்ஸின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ விழும்வரை அந்த ஆட்டத்தில் அமெரிக்கா ஒரு முறைகூட முன்னிலையில் இல்லை. ஓடி ஆடத் தெரிந்த பையன்களை ஐபா நிதானமான ஆட்டத்தில் கட்டி வைத்தார், கடைசிப் பத்து நிமிடத்தில்தான் அவிழ்த்துவிட்டார்கள். உனக்கு அநியாயம் நடந்தால் மேலாளர் மூலமாக எழுத்தில் முறையிடு, நடுவரைத் தொடாதே, எதிரணி வீரனோடு கை குலுக்கு, தீர்ப்பு எழுதியவன் அவனல்ல. பிறகு, மனம் ஆறிய பின், மற்ற 39 நிமிடத்தின் வீடியோவைப் போட்டுப் பார்.

12. உனக்கு முன்னால் ஆடியவர்களை மறக்காதே. மியூனிக் தோல்வியின் பழி முழுவதும் கிழவர் ஐபாவின் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் அணிக்கு ஆலோசகராக அவரை அழைத்து வந்து முகாமில் உட்கார வைத்தார் பாப் நைட். இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 96-65 என்று ஜெயித்த இரவு, பையன்கள் தங்கள் கோச்சைத் தூக்க வந்தபோது, முதலில் ஐபாவைத் தூக்குங்கள் என்றார். ஜோர்டானும் யூயிங்கும் இருந்த அந்த அணி எண்பது வயதுக் கிழவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போயிற்று. நைட்டின் முரட்டுத்தனம் எனக்குப் பிடிக்காது. அந்த ஒரு செயலுக்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. உன் ஊர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு உனக்கு முதல் பந்தைக் கொடுத்தவர் யாரோ, முகாமுக்குக் கிளம்பும் முன் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா.

13. படிப்பு. நீ ஆடப்போவது மாணவன் என்ற தகுதியில். அந்தத் தகுதி போனால் ஜெர்சியும் போகும். மியூனிக்கில் கடைசிப் பாஸை மறிக்க எதேஷ்கோவுக்கு எதிரே நிறுத்தப்பட்ட டாம் மெக்மில்லன் பின்னாளில் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினரானார். டேவிட் ராபின்சன் கடற்படை அகாடமியில் கணிதம் படித்து, கடற்படைப் பணியை முடித்துவிட்டுத்தான் என்.பி.ஏ.வுக்கே போனார். முகாமுக்கான கடிதம் வந்த அன்றே அதன் நகலைத் துறைத் தலைவரிடமும் தேர்வுப் பிரிவிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள். எந்தத் தேர்வு தவறும், மறுதேர்வு எப்போது என்பதை எழுத்தில் கேள். பாஸ்போர்ட்டில் உன் பெயரும் பிறந்த தேதியும் மதிப்பெண் சான்றிதழில் இருப்பது போலவே இருக்கிறதா, தந்தை பெயரின் முதலெழுத்து விரிந்திருக்கிறதா என்று பார். அதில் சிக்கல் இருந்தால் முகாம் தொடங்குவதற்கு முன்பே சரிசெய்துகொள்.